எலும்புக்குள் ஓர் ஆள்மாறாட்டம்

கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து கரியாலூருக்கு ஏறும் மலைச்சாலையோரத்தில், சாலைக்காக வெட்டப்பட்ட பாறை முகங்களைக் காணலாம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பெரும்பகுதியைப் போலக் கல்வராயன் மலையும் சார்னோகைட், நைஸ் ஆகிய பழம்பாறைகளால் ஆனது. அவற்றின் வயது இருநூறு கோடி ஆண்டுகளைக் கடந்தது. (சென்னைப் பரங்கிமலைப் பகுதியிலும் கிடைக்கும் இந்தக் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறையால் ஆனது என்பதால், நிலவியலர் ஹாலந்து அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார்.)

இந்தப் பாறையை வேதியியலரின் கண்ணோடு எண்ணிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. புவியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஆக்சிஜன். 28 விழுக்காடு சிலிக்கான். 8 விழுக்காடு அலுமினியம். சோடியமும் மெக்னீசியமும் சேர்ந்து ஏறத்தாழ 5 விழுக்காடு. பாறைக்குள் இந்த ஐந்து தனிமங்களும் அயனிகளாக இருப்பதாகக் கணக்கிட்டால், ஒவ்வொன்றிடமும் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றே: பத்து. அதாவது மலையின் எடையில் எட்டில் ஏழு பங்கு, பத்து எலக்ட்ரான்களைச் சுமந்த துகள்களால் ஆனது. சிலிக்கானை முழு அயனி என்று சொல்வது சற்றே மிகைதான்; அது ஆக்சிஜனோடு எலக்ட்ரான்களைப் பங்கிட்டும் கொள்கிறது. ஆனால் கணக்கின் போக்கு அதனால் மாறுவதில்லை.

இப்படி எலக்ட்ரான் எண்ணிக்கையில் ஒத்திருக்கும் அணுக்களையும் அயனிகளையும் மூலக்கூறுகளையும் பதினோராம் வகுப்புப் பாடநூல் ஐசோஎலக்ட்ரானிக் என்று அழைக்கிறது. தமிழில் சம எலக்ட்ரான் துகள்கள் எனலாம். நுழைவுத் தேர்வுகளில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்துபோகும் பாடம் இது. கீழ்க்காண்பவற்றுள் சம எலக்ட்ரான் இணை எது என்று கேட்பார்கள், மாணவர்கள் கூட்டிக் கழித்து விடை எழுதுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். நம் மாநிலத்தின் ஒரு பகுதியில் பல தலைமுறைகளின் பல்லையும் முதுகெலும்பையும் தீர்மானித்த விதி அது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

கணக்கு எளிது. அணுக்கருவில் எத்தனை புரோட்டான்கள் உள்ளனவோ, மின்சுமையற்ற அணுவைச் சுற்றி அத்தனை எலக்ட்ரான்கள் இருக்கும். நியானுக்குப் பத்துப் புரோட்டான், பத்து எலக்ட்ரான். சோடியத்துக்குப் பதினொன்று, அது ஒன்றை இழந்து அயனியாகும்போது பத்து. மெக்னீசியம் இரண்டை இழந்து பத்துக்கு வருகிறது, அலுமினியம் மூன்றை இழந்து. மறுபக்கம், ஒன்பது எலக்ட்ரான் கொண்ட ஃபுளோரின் ஒன்றைப் பெற்று ஃபுளோரைடு ஆகிறது. எட்டு கொண்ட ஆக்சிஜன் இரண்டைப் பெறுகிறது. செல்வத்தை இழந்தும் பெற்றும் எல்லோரும் ஒரே தொகையில் வந்து நிற்கிறார்கள்.

தொகை ஒன்றானாலும் பருமன் ஒன்றல்ல. அதே பத்து எலக்ட்ரான்களை ஆக்சிஜன் எட்டுப் புரோட்டான்களைக் கொண்டு இழுத்துப் பிடிக்கிறது. அலுமினியமோ பதின்மூன்றைக் கொண்டு. இழுப்பு மிக மிக உருவம் சுருங்கும். ஆக்சைடு அயனியின் ஆரம் ஏறத்தாழ 140 பிக்கோமீட்டர், ஃபுளோரைடு 133, சோடியம் 102, மெக்னீசியம் 72, அலுமினியம் 54. ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்த வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாடுகள்தாம், எந்த அயனி எந்தக் கனிமத்தில் யாருடைய இருக்கையில் அமர முடியும் என்பதை முடிவுசெய்கின்றன.

மூலக்கூறுகளுக்கும் இந்த எண்ணிக்கை பொருந்தும். நீரின் மூலக்கூறில் பத்து எலக்ட்ரான்; அம்மோனியாவிலும் பத்து; மீத்தேனிலும் பத்து. ஆனால் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அம்மோனியா உறைநிலைக்கு 33 பாகை கீழே கொதிக்கிறது. மீத்தேன் 161 பாகை கீழே. நியான் 246 பாகை கீழே. எண்ணிக்கை ஒன்றானால் குணமும் ஒன்றாகிவிடும் என்று நம்பியவர்கள் இங்கே திகைத்து நிற்பார்கள். அப்படியானால் இந்தக் கருத்தால் என்ன பயன்?

பயனை முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்க வேதியியலர் இர்விங் லாங்மியூர். பின்னாளில், 1932-இல், நோபல் பரிசு பெற்றவர். 1919-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அணுக்களின் எண்ணிக்கையும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் ஒருசேர ஒத்திருக்கும் மூலக்கூறுகளை அவர் இணை சேர்த்தார். கார்பன் டையாக்சைடும் நைட்ரஸ் ஆக்சைடும் ஓர் இணை. மூன்று அணுக்கள், 22 எலக்ட்ரான்கள். நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் இன்னோர் இணை. இரண்டு அணுக்கள், 14 எலக்ட்ரான்கள். இவற்றின் அடர்த்தி, கொதிநிலை போன்ற புறப்பண்புகள் வியக்கத்தக்க அளவு நெருங்கியிருந்தன. நைட்ரஜன் கழிகுறி 196 பாகையில் கொதிக்கிறது என்றால் கார்பன் மோனாக்சைடு கழிகுறி 191.5 பாகையில். இரண்டுக்கும் மூலக்கூறு நிறை 28. இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை.

இந்த இணையில்தான் முதல் அபாயம் ஒளிந்திருக்கிறது. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 78 விழுக்காடு நைட்ரஜன். அது உள்ளே போய் ஒன்றும் செய்யாமல் வெளியே வருகிறது. அதன் இரட்டையான கார்பன் மோனாக்சைடோ, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. வேறுபாடு எங்கிருந்து வந்தது? நைட்ரஜனில் ஏழும் ஏழுமாகப் புரோட்டான்கள் சமமாகப் பிரிந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடில் ஆறும் எட்டும். அந்தக் கோணலால் கார்பன் முனையில் ஓர் எலக்ட்ரான் இணை வெளிநோக்கித் துருத்திக்கொண்டு, ஹீமோகுளோபினின் இரும்பைத் தேடிப் பற்றுகிறது. குளிருக்கு அஞ்சி அடைத்த அறைக்குள் கரியடுப்பை மூட்டிக்கொண்டு உறங்கிய பயணிகள் விடியலில் இறந்துகிடந்தார்கள் என்று மலை ஊர்களிலிருந்து செய்தி வரும்போதெல்லாம், இந்த ஆறு–எட்டுக் கோணல்தான் கொலையாளி. கரியாலூர் போன்ற இடங்களில் விருந்தினர் விடுதி நடத்துவோர் இதை அறையின் கதவில் எழுதி ஒட்டுவது நல்லது.

கள்ளக்குறிச்சி என்றதும் இன்னோர் ஆள்மாறாட்டம் வாசகர் நினைவுக்கு வரும். 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த மெத்தனால். அதையும் எத்தனாலையும் கல்லீரலில் உள்ள ஒரே நொதிதான் கையாள்கிறது. மெத்தனாலை அது ஃபார்மால்டிஹைடாகவும், அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாகவும் மாற்ற, கண்ணும் உயிரும் போகின்றன. ஆனால் இது சம எலக்ட்ரான் கணக்கில் சேராது. மெத்தனாலில் 18 எலக்ட்ரான், எத்தனாலில் 26. இரண்டின் ஒரு முனை ஒரே மாதிரி இருப்பதால் நொதி ஏமாறுகிறது, அவ்வளவே. ஒற்றுமைகளில் பல வகை உண்டு. எந்த ஒற்றுமை எதை ஏமாற்றுகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இனி, ஓசையின்றி நடக்கும் பெரிய ஆள்மாறாட்டத்துக்கு வருவோம்.

ஹைட்ராக்சைடு என்ற அயனியில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்திருக்கின்றன. புரோட்டான்கள் எட்டும் ஒன்றும் ஒன்பது, எலக்ட்ரான்கள் பத்து. ஃபுளோரைடு அயனியில் புரோட்டான்கள் ஒன்பது, எலக்ட்ரான்கள் பத்து. எலக்ட்ரான் எண்ணிக்கை மட்டுமன்றி, புரோட்டான்களின் மொத்தமும் மின்சுமையும்கூட ஒன்றே. ஹைட்ராக்சைடில் ஒரு புரோட்டான் ஆக்சிஜன் கருவுக்கு வெளியே தனித்து நிற்கிறது. ஃபுளோரைடில் ஒன்பதும் ஒரே கருவுக்குள் அடங்கியிருக்கின்றன. அதைத் தவிரப் பெரிய வேறுபாடு இல்லை. உருவமும் ஏறக்குறைய ஒன்று: ஃபுளோரைடின் ஆரம் 133 பிக்கோமீட்டர் என்றால் ஹைட்ராக்சைடு 137. ஹைட்ரஜன் சேர்ந்த அணு, அட்டவணையில் தனக்கு அடுத்த அணுவைப் போல நடந்துகொள்ளும் என்று ஜெர்மானிய வேதியியலர் கிரிம் 1925-இல் ஒரு விதியே வகுத்தார். மருந்து வடிவமைப்போர் இன்றும் ஒரு மூலக்கூறில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் ஃபுளோரினைப் பொருத்திப் பார்ப்பதற்கு இந்த ஒற்றுமையே அடிப்படை.

பொருளியல் வகுப்பில் பதிலீட்டுப் பண்டம் என்ற கருத்தைக் கற்பிப்போம். தேநீர் விலை ஏறினால் காப்பிக்கு மாறுவோர் உண்டு. ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்பும். ஆனால் எந்தப் பதிலீடும் முழுமையானதன்று. தேவையின் ஒரு பகுதியை நிரப்பிவிட்டு, மறுபகுதியில் தன் குணத்தைக் காட்டும். கனிமங்களின் உலகிலும் அப்படித்தான்.

பாறைகளில் உள்ள கருமைக்கா என்னும் பயோடைட், ஹார்ன்பிளண்டு, அபடைட் ஆகிய கனிமங்களின் படிகச் சட்டகத்தில் ஹைட்ராக்சைடுக்கென இருக்கைகள் உண்டு. பாறை உருவான காலத்தில் அவற்றில் சிலவற்றில் ஃபுளோரைடு ஏறி அமர்ந்துகொண்டது. நிலத்தடி நீர் நீண்ட காலம் அந்தப் பாறையின் வெடிப்புகளில் தங்கும்போது, நீரிலுள்ள ஹைட்ராக்சைடு உள்ளே போக, ஃபுளோரைடு வெளியே வருகிறது. நீர் காரத்தன்மை மிக்கதாக இருந்தால், அதாவது அதில் ஹைட்ராக்சைடு மிகுந்திருந்தால், இந்த இடமாற்றம் விரைவாகும். கால்சியம் நிறைந்த நீரில் ஃபுளோரைடு அதிகம் சேர முடியாது. கால்சியம் அதைக் கரையாத உப்பாகப் பிடித்துப் படியவைத்துவிடும். ஆனால் வறண்ட நிலத்தில் கால்சியம் மண்ணுக்குள் சுக்காங்கல்லாகப் படிந்துவிட, காவலன் இல்லாத நீரில் ஃபுளோரைடு கூடிக்கொண்டே போகிறது. சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியம் குறைந்த, நாவுக்கு மென்மையாகப் படும் நீர்தான் பல வேளைகளில் அதிகம் அஞ்சத்தக்கது. சுவை எந்த எச்சரிக்கையும் தராது.

அந்த நீரைக் குடிப்பவரின் உடலில் இதே நாடகம் மறுமுறை நடக்கிறது. நம் பல்லும் எலும்பும் ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டுப் படிகத்தால் ஆனவை. அந்தப் படிகத்தில் கால்சியம் அயனிகள் முக்கோணங்களாக அடுக்கி நிற்க, நடுவே ஒரு குழல் போன்ற பாதை ஓடுகிறது. அதில் வரிசையாக ஹைட்ராக்சைடுகள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் காரணமாக ஹைட்ராக்சைடால் முக்கோணத்தின் சரிநடுவில் அமர முடிவதில்லை. சற்று மேலோ கீழோ தள்ளித்தான் நிற்கிறது. ஃபுளோரைடு உருண்டை வடிவம் கொண்டது. அது சரியாக நடுவில் அமர்ந்து மூன்று கால்சியங்களையும் ஒரே இறுக்கத்தில் பற்றிக்கொள்கிறது. வாடகைக்கு வந்தவர், வீட்டுக்காரரைவிட வசதியாக உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிதளவில் இது நன்மையே. வாயில் உண்டாகும் அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கத் தொடங்கும் எல்லை பிஎச் அளவில் 5.5-க்கு அருகே, ஃபுளோரைடு ஏறிய படிகம் 4.5 வரை தாங்கும். பற்பசையில் ஃபுளோரைடு சேர்ப்பதும், அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் 1945-இல் குடிநீரிலேயே ஃபுளோரைடைக் கலக்கத் தொடங்கியதும் இதனால்தான். சொத்தைப் பல்லைக் காப்பது எதுவோ, அதுவே அளவு மீறினால் பல்லைக் கறைப்படுத்துகிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மில்லிகிராமுக்கும் ஒன்றரைக்கும் இடையிலான இந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதைக் கவனிக்க வேண்டும். வெப்பம் மிகுந்து, வயலில் உழைத்து, நாளுக்கு ஐந்தாறு லிட்டர் நீர் குடிப்பவருக்கு அது இன்னும் குறுகியது.

மிகும்போது நடப்பதை இருக்கை மாற்றம் மட்டுமே விளக்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவத்தில் பல்லின் மேற்பூச்சு உருவாகும்போது ஃபுளோரைடு மிகுந்தால், வெளியேற வேண்டிய புரதங்கள் உள்ளேயே தங்கி, பூச்சு நுண்துளைகளோடு அமைகிறது. பிறகு அதில் பழுப்புக் கறை ஏறுகிறது. எலும்பை உருவாக்கும் செல்கள் தூண்டப்பட்டு, எலும்பு அடர்ந்தாலும் உறுதி கூடுவதில்லை. தசைநார்களிலும் சுண்ணம் படிகிறது. முதுகு குனிய மறுக்கும். கழுத்து திரும்ப மறுக்கும். இவை வர ஆண்டுகள் பல ஆகும். வந்தபின் மீட்கும் மருந்து இல்லை.

இந்தியாவில் இந்த நோயை மருத்துவ உலகுக்கு முதலில் விரிவாக அறிவித்தது சென்னை மாகாணம்தான். கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய ஷார்ட்டும் அவருடைய குழுவினரும், அன்று மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்து ஊர்களில் இளம் வயதிலேயே முதுகு விறைத்துப்போன உழவர்களைக் கண்டு, 1937-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மலேரியா ஒட்டுண்ணி மனிதக் கல்லீரலில் ஒளிந்திருப்பதைப் பின்னர் 1948-இல் கண்டுபிடித்த அதே ஷார்ட். 1970-களில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நல்கொண்டா பகுதியில் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்த சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். சோளம் உண்போரிடமும் ஊட்டக்குறை உள்ளோரிடமும் பாதிப்பு மிகுதி என்பது அவர்கள் காட்டிய உண்மை. ஏழையின் எலும்பில் கால்சியம் குறைவு. ஃபுளோரைடுக்கு அது திறந்த கதவு.

தமிழகத்தில் இந்த நோயின் முகவரி தருமபுரி, கிருஷ்ணகிரி. கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு கருமந்துறை வழியாகச் சேலம் மாவட்டத்தில் இறங்குகிறது. அதற்கு வடமேற்கே தருமபுரிச் சமவெளி. பாறையின் குலம் பெரிதும் ஒன்றே. மலையின் சுனைநீருக்கும் சமவெளியின் ஆழ்துளை நீருக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு காலம். சுனைநீர் நேற்றைய, முந்தைய ஆண்டின் மழை. பாறையோடு பழக அதற்கு நேரமில்லை. ஆழ்துளைக் கிணற்றில் வருவது பல்லாண்டுகள் வெடிப்புகளில் தங்கி, இருக்கைகளை மாற்றி முடித்த நீர்.

இங்கே பொருளியல் நுழைகிறது. ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில் கிணறுகள் நாற்பது, ஐம்பது அடியோடு நின்றன. மின் மோட்டாரும் துளையிடும் வண்டியும் கடனும் வந்தபின் முந்நூறு அடி போயிற்று. இப்போது ஆயிரம் அடியைத் தொடும் கிணறுகள் சாதாரணம். உழவருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், ஆழத்திலிருந்து இறைக்கும் செலவு இறைப்பவரின் கணக்கில் ஏறுவதில்லை. அந்த இலவசத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் வடமாவட்டத்துச் சிறு உழவர் பிழைத்திருக்க முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் இறைக்க இறைக்க மேல்மட்ட நீர் வற்றி, ஊரின் குடிநீர்க் கிணறும் கீழே போக வேண்டியிருக்கிறது. கரும்புக்கும் மரவள்ளிக்கும் இறைத்ததன் விலையை, இருபது ஆண்டு கழித்து, அந்த நிலத்தில் ஒரு செண்டுகூட இல்லாத கூலித் தொழிலாளியின் முதுகெலும்பு செலுத்துகிறது. இதைப் புறவிளைவு என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவோம். சந்தையில் இதற்கு விலைச்சீட்டு இல்லை.

அரசு வாளாவிருந்தது என்று சொல்ல முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற நோக்கத்தைத் தாங்கியது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் உருவாகி, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. கர்நாடகத்தின் எதிர்ப்பும் அரசியல் கொந்தளிப்பும் செய்தியான அளவுக்கு, அது எதற்காக என்ற செய்தி பரவவில்லை. காவிரி நீர் பாறைக்குள் பல்லாண்டு தங்கிய நீரல்ல; எனவே ஃபுளோரைடு குறைவு. நோக்கம் சரி, வழியும் சரி. குறை வேறிடத்தில் இருக்கிறது. குழாயில் காவிரி நீர் வராத நாளில், அல்லது போதாத நாளில், மக்கள் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்புகிறார்கள். பல ஊர்களில் இரண்டு நீரும் ஒரே தொட்டியில் கலக்கப்படுகின்றன. தொட்டியில் உள்ளது எந்த விகிதக் கலவை என்பது குடிப்பவருக்குத் தெரியாது.

நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் வழிகளும் இதே பத்து எலக்ட்ரான் கணக்கில்தான் இயங்குகின்றன. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், நீரில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்குகிறார்கள். படிகாரத்தின் அலுமினியம் ஹைட்ராக்சைடாகத் திரள்கிறது. அந்தத் திரளில் உள்ள ஹைட்ராக்சைடின் இடத்தில் ஃபுளோரைடு ஏறிக்கொள்ள, திரள் அடியில் படிகிறது. தெளிந்த நீரை இறுத்துக் குடிக்கலாம். கிளர்வூட்டிய அலுமினா என்ற வெண்மணிகளின் ஊடே நீரைச் செலுத்துவது இன்னொரு முறை. மணிகளின் மேற்பரப்பிலும் ஹைட்ராக்சைடு போய் ஃபுளோரைடு அமர்கிறது. இருக்கைகள் நிரம்பிவிட்டால், காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றுவார்கள். ஹைட்ராக்சைடு வெள்ளமாக வந்து ஃபுளோரைடை வெளியே தள்ளிவிடும். பாறையிலிருந்து ஃபுளோரைடை நீருக்குள் இழுத்த அதே விதி, நீரிலிருந்து அதை வெளியேற்றவும் கைகொடுக்கிறது.

அலுமினாவுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பது இதில் ஒரு வேடிக்கை. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் பல ஆண்டுகள் அலுமினியம் உருக்கினார்கள். அந்த உலை இப்போது இயங்கவில்லை. அலுமினாவைக் கிரையோலைட் என்ற உப்பில் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவது அதன் முறை. கிரையோலைட்டில் உள்ளவை சோடியம், அலுமினியம், ஃபுளோரைடு. அலுமினா கொண்டுவருவது அலுமினியமும் ஆக்சைடும். கொதிக்கும் அந்த உலைப் பாத்திரத்தை எளிய அயனிக் கணக்கில் எழுதினால், அத்தனையும் பத்து எலக்ட்ரான் துகள்கள்.

வடிகட்டும் முறை எளிது. அதை நடத்துவதுதான் கடினம். மணிகளைக் குறித்த நாளில் காஸ்டிக் சோடாவால் கழுவ வேண்டும். கழுவிய நீரில் இருக்கும் ஃபுளோரைடைப் பாதுகாப்பாகச் சேர்க்க வேண்டும். படிகாரச் சேறு கிணற்றடியில் கொட்டப்படக் கூடாது. இதற்கெல்லாம் ஆளும் சம்பளமும் வேண்டும். கட்டுமானத்துக்கு நிதி கிடைக்கும் நம் நாட்டில், பராமரிப்புக்கு நிதி கிடைப்பதில்லை. கருவியைத் திறந்துவைக்க வருபவர், மணிகளை மாற்றும் நாளில் வருவதில்லை. எதிர்ச் சவ்வூடு வடிகட்டியை வீட்டில் வாங்கி வைப்பவர் தப்பிவிடுகிறார். அதனால் குரல் எழுப்பும் வலிமை உள்ளவர் களத்திலிருந்து விலகிவிடுகிறார். பொதுக்குழாயை நம்பியிருப்போர் மிஞ்சுகிறார்கள்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் நாளுக்கு ஒருவருக்கு 55 லிட்டர் நீர் என்ற இலக்கை வைத்தது. அந்த நீர் தர அமைவனத்தின் அளவுகோலுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. நடைமுறையில் நாளேடுகளுக்கு வரும் எண் குழாய் இணைப்புகளின் எண்ணிக்கையே. எத்தனை வீட்டுக்குக் குழாய் என்பதோடு, குழாயில் வருவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதும் அதே அறிக்கையில், அதே எழுத்தளவில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. கல்வராயன் மலையிலும் சுனைகள் சுருங்கி, ஆழ்துளைக் கிணறுகள் பெருகும் நாள்களில் இது மலைவாழ் மக்களுக்கும் உரிய கோரிக்கை. கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ புதிதாக ஒரு கிணறு தோண்டினால், அதைத் தொட்டியோடு இணைக்கும் முன்பே ஃபுளோரைடு அளக்கப்பட வேண்டும். மழைக்குப் பின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை. ஒரே கிணறு இரண்டு பருவத்தில் இரண்டு விடை தரும்.

அளப்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்து, கையடக்கச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்றுவிக்க அந்த இயக்கத்திலேயே இடமுண்டு. பெட்டியில் உள்ள மருந்துகளுள் ஒன்று, சிர்கோனியம் உலோகம் ஏற்றிய செஞ்சாயம். நீரில் ஃபுளோரைடு இருந்தால், அது சாயத்திலிருந்து சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும். சிவப்பு மங்கி மஞ்சளாகும். மஞ்சளின் அளவை அட்டையோடு ஒப்பிட்டால் எண் தெரியும். தோராயமான எண்தான், ஐயம் எழுந்தால் மாதிரியை மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்த எண்ணையும் சோதித்த தேதியையும் ஊர்த் தொட்டியின் சுவரில், தொட்டியைத் திறந்துவைத்தவரின் பெயருக்குக் கீழே, எழுதிவைக்க ஆகும் செலவு சிறு டப்பா வண்ணமும் ஒரு தூரிகையும்.